படகில் கை வைத்த மலைக்காரன்

என் தங்கையின் கணவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் சௌக்கியமா?" என்பதல்ல. தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல், "மச்சான், இந்த இடம் கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு ஒசரம்?" என்றார்.

"வர்ற வழியில போடிமெட்டுல போர்டு வச்சிருக்கானே, பாக்கலையா மாப்ள?"

"பாத்தேன். பஸ்ஸு நிக்கல. முழுசாப் படிக்க முடியல."

அன்று சாயங்காலமே ஜீப்பில் கூட்டிப்போய் அந்தப் போர்டின் முன்னால் இறக்கிவிட்டேன். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். போட்டோ எடுத்தார். எடுத்ததைத் தன் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போடிமெட்டின் உயரம் எதற்கு ஆகும் என்று நான் கேட்கவில்லை. வந்த விருந்தாளியை முதல் நாளே கேவலப்படுத்துவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. இரண்டாம் நாளிலிருந்துதான்.

நான் போடிமெட்டைத் தாண்டி மலையாள எல்லைக்குள் இருக்கும் சின்னக்கானலில் ஜீப் ஓட்டுகிறவன். கீழே இருந்து வருகிறவர்களை விடியும் முன் மேட்டுக்கு ஏற்றிப்போய், மேகத்தைக் காட்டி, இறக்கிக் கொண்டுவந்து விடுவது தொழில். ஆண்டவன் சும்மா விட்டிருக்கிற புகைக்கு டிக்கெட் போடுகிற பிழைப்பு. என் அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். எஸ்டேட் ரோட்டுக்குக் கீழே ஒரு வரிசை வீடு, அதில் கடைசி வீடு என்னுடையது. மனைவி பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் அவள் என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதை அந்த "ங்க"வோடு சரி.

மாப்பிள்ளை கடற்கரைக்காரர். தங்கை திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது அவரும் அங்கே வந்திருந்தார். ஒரே தையல் வரிசை, ஒரே டீ இடைவேளை, கல்யாணம். எங்கள் பக்கத்தில், "மீன் பிடிக்கிறவனா?" என்று மூக்கைப் பிடித்தார்கள். அவர்கள் பக்கத்தில், "கொழுந்து பறிக்கிற வீடா?" என்று உதட்டைச் சுழித்தார்கள். இரண்டு பக்கமும் சரிசமமாகக் கேவலமாக நினைத்ததால் சண்டை வர வழியில்லாமல் போயிற்று. பனியன் சலித்ததும் அவர் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், தன் அண்ணன் படகில் ஏறிவிட்டார்.

ஐப்பசிப் புயலில் அந்தப் படகு கவிழ்ந்து போனது. அதில் நாலு பேர் போயிருந்தார்கள். மூன்று பேர் கரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு காலி டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தாராம். அதே கேனை அந்தப் பக்கமாகப் பிடித்திருந்தவர்தான் வராத நாலாவது ஆள். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. தங்கை போனில் சொன்னாள். சொன்ன வேகத்தில், "அங்க மழையா அண்ணே?" என்று கேட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கடற்கரைக்கே போகவில்லை. வீட்டு வாசல் கடலைப் பார்த்து இருப்பதால் கொல்லைப்பக்கமாகவே போய்வந்தார். ராத்திரியில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவாராம். பிடியைத் தளர்த்தினால் விழித்துவிடுவாராம்.

புயலில் தப்பிய இவர்களைத் தேற்ற ஒரு குழு வந்தது. எல்லோரும் ஒரே நிறத்துச் சட்டை, கழுத்தில் அட்டை, முகத்தில் ஏற்கெனவே தயார் செய்து வைத்த சோகம். ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்து, பயம் வரும்போது அமுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு சமுதாயக்கூடத்தில் பாய் விரித்து எல்லோரையும் படுக்க வைத்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "கண்களை மூடுங்கள். மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள். இப்போது நீங்கள் ஓர் அழகான கடற்கரையில் இருக்கிறீர்கள். அலைகள் மெல்ல மெல்ல உங்களை நோக்கி வருகின்றன…"

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன அண்ணே? பாயி மட்டும்தான் அங்க இருந்துச்சு."

தங்கை சிரித்தாள். நிற்க வேண்டிய இடத்தில் அந்தச் சிரிப்பு நிற்காமல் வேறு எங்கோ போனது. நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஊரில் இப்போதும் நாய்கள் ரப்பர் பந்தைக் கவ்விக்கொண்டு திரிகின்றன. நாய்கள் தெளிவாக இருக்கின்றன.

பொங்கல் கழிந்ததும் அவரை என்னிடம் அனுப்பிவைத்தாள். கடல் கண்ணில் படாத ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் சரியாகும் என்பது அவள் கணக்கு. என்னைப் போய் வைத்தியன் என்று நம்பினாளே, அந்த நம்பிக்கைக்குத்தான் முதலில் வைத்தியம் பார்த்திருக்க வேண்டும்.

ஆனையிறங்கல் அணைப் பக்கமாக ஜீப் போனால் மாப்பிள்ளை மலைப்பக்கம் திரும்பி, கதவோடு கதவாக ஒட்டிக்கொள்வார். "மாப்ள, அது டேமு. கரண்ட் ஆபீஸ்காரன் தேக்கி வச்ச தண்ணி. அதுல ஒரு அலை வரணும்னாக்கூட எஞ்சினியர் கையெழுத்து வேணும்" என்பேன்.

"தண்ணி தண்ணிதானே மச்சான்."

குளிப்பதென்றால் ஒரு செம்பு. அதையும் தலையில் ஊற்றமாட்டார், தோளில் தடவிக்கொள்வார். மீன்காரர் ஸ்கூட்டரில் "பூஊஊய்" என்று கூவிக்கொண்டு வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் ஜீப் ஸ்டாண்டில் போய் அத்தனையையும் நடித்துக் காட்டுவேன். டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்த மனுஷனை வைத்து ஊருக்கு இலவச நாடகம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒருநாள், தங்கை கணவருக்கும் நல்லது காட்டுவோமே என்று, சூரியநெல்லிக்கு மேலே உள்ள வியூ பாயின்ட்டுக்கு ஏற்றிப்போனேன். பின்னால் நாலைந்து டூரிஸ்டுகள். விடியும்போது அங்கே போடி பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிறைந்துவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் மேகம். வெயில் பட்டதும் அது அசையும். சுருண்டு சுருண்டு, விளிம்பு நுரைத்து, பாறையில் மோதி, மேலே ஏறி வரும். டூரிஸ்டுகள் போனைத் தூக்கிக்கொண்டு, "அய்யோ, கடல் மாதிரியே இருக்கு!" என்று கத்தினார்கள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாவிட்டாலும் அவருக்குக் கண் இருக்கிறது.

வெள்ளை விளிம்பு எங்கள் காலுக்குக் கீழே வந்தபோது என் சட்டைக் காலரில் ஒரு பிடி விழுந்தது. "ஓடுங்க மச்சான்!" அவ்வளவுதான். என் உடம்பு லேசான உடம்பல்ல. அந்த உடம்பை ஒற்றைக் கையால் பாறை மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். ஒரு செருப்பு போனது. முட்டி சிராய்த்தது. உச்சிக்குப் போய், இதற்கு மேல் ஏற இடமில்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டார். மேகம் வந்து எங்கள் இரண்டு பேரையும் நனைத்துவிட்டுப் போனது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டூரிஸ்டுகள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள்.

"மாப்ள, இது மேகம்."

"தெரியுது மச்சான். இப்பத் தெரியுது."

ஸ்டாண்டில் இந்தக் கதை பல மாதம் ஓடியது. மேகத்தைப் பார்த்து ஓடிய கடல்காரர்! நான் சொல்லும் கதையில் அவர் தனியாகத்தான் ஓடுவார். என் காலர் அதில் வராது. வந்தால் சிரிப்பு குறைந்துவிடும்.

பங்குனி வெயிலில் ஒரு மாற்றம் தெரிந்தது. மீன்காரர் கூவினார், மாப்பிள்ளை உள்ளே போகாமல் வெளியே வந்தார். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னைக்குச் செத்தது?"

"இன்னிக்கு வந்த மீனு சேட்டா. பிரஷ்ஷு."

"பிரஷ்ஷா? இதுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும்யா. இதை ஐஸ்ல வைக்கக் கூடாது, பொதைக்கணும்."

மீன்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "தம்பிக்குத் தேறிட்டு வருதுங்க. எப்படித் திட்டறாரு பாத்தீங்களா?"

வைகாசியில் தங்கை போன் செய்தாள். மாப்பிள்ளையின் அண்ணன் புதிதாக ஒரு பைபர் படகு வாங்கிவிட்டார். ஆனி மாதம் முதல் வெள்ளிக்கிழமை விடியக் கடலில் இறக்குகிறார்கள். அந்தப் பெரியவருக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் அப்பா காலத்திலிருந்து வருவதாம். புதுப்படகை முதல் முறை தண்ணீருக்குத் தள்ளும்போது யார் யார் கை அதன்மேல் படுகிறதோ, அவர்கள்தான் அந்தப் படகின் ஆட்கள். அன்றைக்குக் கை வைக்காதவன், பிற்பாடு வந்து காலில் விழுந்தாலும் ஏற முடியாது.

"அவரு கை படலேன்னா அவ்வளவுதான் அண்ணே. வேற படகுல எவனும் ஏத்த மாட்டான். அண்ணன் படகுலயே ஏறலையாமேன்னு சொல்லுவான். நான் மலைக்கெல்லாம் திரும்பி வரமாட்டேன். எனக்கு இனிமே இதான் ஊரு. அவருகிட்ட சொல்லிரு."

சொன்னேன். "போகலாம் மச்சான், போகலாம்" என்றார். கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, இங்கே இடவப்பாதி என்று சொல்கிற தென்மேற்குப் பருவமழை பிறந்தது. இனி நாடகத்தில் நடிகர் மாறுகிறார்.

முந்தைய ஒரு மழைக்காலத்தில் வேறொரு மலைப்பக்கம் ஊர் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்குள் போனதை நாங்கள் டிவியில் பார்த்திருந்தோம். இங்கே நாங்கள் அதை மலையாளத்தில்தான் சொல்வோம், உருள்பொட்டல் என்று. அதைப் பார்த்த பிறகு எங்கள் வரிசையில் யாரும் பழையபடி மழையைக் கேட்பதில்லை. ஆனால் மற்றவர்கள் பயத்தை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நான் அதை விரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மழைக்கு நிறம் கொடுத்திருக்கிறார்களே, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று, அது என்னைப் போன்ற ஆளுக்காகவே கண்டுபிடித்தது. மஞ்சள் அலர்ட் என்றால் சாப்பாடு பாதியாகும். ஆரஞ்சு என்றால் ஷூ போட்டுக்கொண்டு படுப்பேன். சிவப்பு என்றால் படுக்கவே மாட்டேன். வாட்ஸப்பில் யாரோ ஒரு மகான், மூக்கடைத்த குரலில், "உங்க மலைக்கு அடியில பெரிய தண்ணிப்பை இருக்கு" என்று பேசி அனுப்பியிருந்தான். அவன் யார், எந்த மலை, ஒன்றும் தெரியாது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பெற்ற அப்பன் சொன்னதை ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

முற்றத்து சிமெண்டில் ஒரு விரிசல். அதன் இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, நீள்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்தேன்.

"ஏனுங்க, அது நம்ம கல்யாணத்துக்கு முந்தியே இருக்குதுங்க. உங்கப்பாரு சிமெண்ட்டுல மண்ணைக் கலந்ததால வந்தது."

தரையில் காதை வைத்து, உள்ளே ஏதாவது நகர்கிறதா என்று கேட்டேன். அவள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். "அந்தக் காதைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? கூட்டோணும்."

கழுத்தில் விசில் கட்டிக்கொண்டேன். வாசலில் ஒரு பை. அதில் ரேஷன் கார்டு, ஜீப்பின் ஆர்.சி. புக், டார்ச், பிஸ்கட். இரவில் பயம் வந்தால் பிஸ்கட்டைத் தின்றுவிடுவேன். காலையில் புதிது வாங்கி வைப்பேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாப்பிள்ளை குறட்டை விட்டுத் தூங்கினார். கூரை கிழிகிற மழையில், வாயைப் பிளந்து, கையைக் காலை விரித்து. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

"எப்படி மாப்ள தூக்கம் வருது?"

"மண்ணு எங்க மச்சான் ஓடும்? ஓடுறது தண்ணி. மண்ணுன்னா நிக்கிறது."

"மேகத்தைப் பாத்து ஓடுன ஆளு பேசற பேச்சா இது?"

"அது தண்ணி மாதிரி இருந்துச்சு. இது மண்ணு மாதிரித்தானே இருக்கு?"

முட்டாள்தனம்தான். ஆனால் அந்த முட்டாள்தனத்தின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் எனக்கும் கொஞ்சம் கண் அயர்ந்தது. ஆகவே தினமும் அங்கேயே படுத்தேன். ஒருநாள் விழித்துப் பார்த்தால் அவர் வேட்டி நுனி என் கையில் சுருண்டிருக்கிறது.

அவருக்கும் இது வசதியாகப் போயிற்று. தங்கையோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. "மச்சானுக்கு மனசு சரியில்ல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இந்த மழையில அவரைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது, நீயே சொல்லு."

தங்கை என்னைக் கேட்டாள். நான் போனை வாங்கி, "மழை விடட்டும்மா. வழியெல்லாம் மண்ணு சரிஞ்சு கெடக்கு" என்றேன்.

"வழியில மண்ணா, உன் மண்டையில மண்ணா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாளு இருக்கு, தெரியுமா அண்ணே உனக்கு?"

மனைவி அடுப்படியிலிருந்து வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல சோடி. ஒருத்தர் பயத்துக்கு ஒருத்தர் முட்டுக் கொடுத்துக்கிட்டு ஒக்காந்துக்குங்க. அங்க அந்தப் புள்ள ஒத்தையா நிக்கட்டும்."

புதன்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த நேரம். மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று மேலே இடி உருள்வதுபோல ஒரு சத்தம். நிற்காமல் உருண்டது. தரை லேசாக அதிர்ந்தது. நான் விசிலை ஊதவில்லை. அது கழுத்தில் இருப்பதே மறந்துவிட்டது. "உருள்பொட்டல்! உருள்பொட்டல்! ஓடுங்க!" என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். வரிசை முழுக்கக் கதவுகள் திறந்தன. சோற்றுக் கையோடு வந்தவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்தபடி வந்தவர்கள், கோழியைக் கக்கத்தில் இடுக்கியவர்கள், எல்லோரும் மழையில் ரோட்டோரம் நின்றார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் நின்றேன். ஓட்டத்தில் முதல் பரிசு.

மேலே ரோடு அகலப்படுத்தும் வேலைக்கு வந்த டிப்பர் லாரி, ஜல்லியைக் கொட்டிவிட்டு, தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் எங்களை எட்டிப் பார்த்து, "எந்தா, கல்யாணமா?" என்று கேட்டான்.

கடைசியாக என் மனைவி குடை பிடித்து நடந்து வந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, தூங்கி எழுந்த முகத்தோடு. என் கையையே பார்த்தார்.

"மச்சான், மூடி இருக்கு. ஜாரு எங்க?"

அப்போதுதான் பார்த்தேன். என் கையில் மிக்ஸி மூடி. பை வாசலிலேயே இருந்தது. மனைவியும் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். மேகம் வந்தபோது கடல்காரர் என்னைப் பிடித்தார். ஜல்லி வந்தபோது நான் மிக்ஸி மூடியைப் பிடித்திருக்கிறேன். அந்த மழையிலும் எனக்கு முகம் சுட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டில் எனக்குச் சைரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நடிப்பு முறையிலேயே என்னை நடித்துக் காட்டினார்களாம். நான் அதைப் பார்க்க அங்கே இல்லை. நனைந்த சட்டையை மாற்றியதும், "கெளம்பு, எலப்புள்ளிக்குப் போயிரலாம். அங்கதான் மலையே இல்ல" என்று மனைவியை ஜீப்பில் ஏற்றிவிட்டேன். மாப்பிள்ளையும் பையோடு பின்னால் ஏறிக்கொண்டார். தனியாக இருக்க அவருக்கென்ன பைத்தியமா?

போடிமெட்டைத் தாண்டிய முதல் வளைவில் ஜீப்பை நிறுத்தினேன். மேலே பாறையிலிருந்து தண்ணீர் ரோட்டில் கொட்டுகிறது. கீழே வெள்ளை. இரண்டு காலும் பிரேக்கில். எடுக்க வரவில்லை. இதே வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, டூரிஸ்டைப் பார்த்துத் திரும்பி ஜோக் சொல்லி இறங்கியவன் நான்.

பின்னாலிருந்து மாப்பிள்ளை, அந்த ஸ்பீக்கர் பெண்ணின் குரலில் ஆரம்பித்தார். "கண்களை மூடுங்கள் மச்சான். மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள். நீங்கள் ஓர் அழகான மலையில் இருக்கிறீர்கள். மண் மெல்ல மெல்ல உங்களை நோக்கி வருகிறது…"

"வண்டி ஓட்டறவனைக் கண்ண மூடச் சொல்றீரேய்யா!"

மனைவி சிரித்த சிரிப்பில் ஜீப் குலுங்கியது. மாப்பிள்ளை இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையில் ஜீப்புக்கு முன்னால் நடந்தார். கையை ஆட்டி, "வாங்க… வாங்க… வாங்க… இந்தப் பக்கம் ஒடிங்க" என்று பின்னோக்கி நடந்தபடி என்னை இறக்கினார். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வழிகிறது. அவர் கவனிக்கவே இல்லை. வளைவுக்கு வளைவு இப்படியே போனோம். பின்னால் மாட்டிக்கொண்ட காய்கறி லாரிக்காரன், "யோவ், சாமி ஊர்வலமா போறீங்க?" என்று கத்தினான்.

பாதி மலையில் மழை தூறலாயிற்று. அடிவாரத்தில் அதுவும் இல்லை. போடியில் பளீரென்று அந்தி வெயில், ரோட்டில் புழுதி. மேலே நடந்ததெல்லாம் நான் மட்டும் கண்ட கனவுபோல ஊர் காய்ந்து கிடந்தது. என் வீரம் உடனே திரும்பியது. டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "என்ன மழை பெரிய மழை!" என்றேன். வெட்கம் என்ற ஒன்று எனக்குத் தனியாகச் செய்து வைத்திருந்தால் அது எங்கோ வழியில் விழுந்துவிட்டது.

மாப்பிள்ளை பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். இறங்கி வந்த மலையை அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "இங்க எவ்வளவு ஒசரம்?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"எது, பெஞ்சா? ஒன்றரை அடி இருக்கும்."

மனைவி டீயைக் கீழே வைத்தாள். "எலப்புள்ளிக்கு யாரும் போக வேண்டாமுங்க. நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை. தம்பியைக் கொண்டுபோயி அவரு ஊட்டுல விடுங்க."

"நானா? கடலுக்கா?"

"மச்சான் வந்தா நான் வர்றேன்" என்றார் மாப்பிள்ளை. நான் வரமாட்டேன் என்ற நம்பிக்கையில் சொன்னார். எனக்கும் அதே நம்பிக்கைதான். ஆனால் மனைவி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் போய்ச் சேர்ந்தோம். தங்கை வாசலில் நின்றாள். கணவரின் பையை வாங்கி உள்ளே வைத்தாள். என்னிடம், "வா சைரன்" என்றாள். மனைவி வழியெல்லாம் போனில் பேசியது இதைத்தான்.

வெள்ளிக்கிழமை விடியல். மணலில் புதுப்படகு. மாவிலை, சந்தனம், மூக்கில் ஒரு மாலை. நான் அதற்கு முன் கடலை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அது ஓயாமல் எதையோ இழுத்துக்கொண்டு போய், மனம் மாறித் திரும்பக் கொண்டுவந்தது. எங்கள் மலையாவது வருஷத்தில் சில மாதம்தான் மிரட்டும். இது ஒவ்வொரு மூச்சுக்கும் மிரட்டுகிறது. நான் மணல் மேட்டின் உச்சியில் நின்றுகொண்டேன். முன்ஜாக்கிரதையாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கை பட்டால் ஆள் என்ற சட்டம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பெரியவர் கற்பூரம் காட்டினார். ஒரு பக்கம் அவர், அவர் பின்னால் புயலில் தப்பி வந்த இன்னொருவர். மறுபக்கம் மாப்பிள்ளைக்கு விட்ட இடம். அவருக்குப் பக்கத்தில் நாலாவது ஆள் நிற்கிற அளவுக்குக் காலி. அங்கே யாரும் போகவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை.

மாப்பிள்ளை கணுக்கால் தண்ணீரில் நின்றார். படகுக்கும் அவர் கைக்கும் ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாணைத் தாண்ட அவரால் முடியவில்லை. பெரியவர் காத்திருந்தார். தங்கை சேலை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி மேட்டைப் பார்த்தார்.

"மச்சான், இங்க வாங்க."

"இங்கிருந்தே நல்லாத் தெரியுது மாப்ள."

"வந்து கை வைங்க. நீங்க வச்சா நான் வைக்கிறேன்."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கை வச்சா ஆளு. தெரியுமில்ல? அப்புறம் மலைக்காரன், டிரைவருன்னு கதை சொல்லப்படாது."

எனக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஓடுவதில் நான் முதல் பரிசுக்காரன். ஆனால் பின்னால் மனைவி நின்றாள். "செருப்பைக் கழட்டிட்டுப் போங்க" என்றாள். இறங்கினேன். தண்ணீர் காலைத் தொட்டதும் கீழே மண் நழுவியது. மண் ஓடாது என்று சொன்ன ஆளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காலி இடத்தில் போய் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை வைத்தேன். பிசுபிசுவென்று புது பெயிண்ட். பக்கத்தில் இன்னொரு கை வந்து படகில் அறைந்த சத்தம் கேட்டது.

தள்ளினோம். படகு வழுக்கிப் போனது. ஒரு அலை வந்து என்னைப் படுக்கவைத்து, வாயில் உப்பை ஊட்டி, மேட்டடியில் கொண்டுவந்து போட்டது. எழுந்து பார்த்தபோது படகு அலையைத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளை அதில் உட்கார்ந்திருந்தார். கடலுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்தபடி, பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டு. ஆனையிறங்கலைத் தாண்டும்போது என் ஜீப்பில் உட்கார்வாரே, அதே உட்காரல்.

அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் தங்கை மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். ஜோக் ஒன்றும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் அவள், "சும்மா இரு அண்ணே" என்று அடக்கிவிட்டாள்.

வெயில் ஏறிய பிறகு படகு வந்தது. பெரியவர் இறங்கும்போதே, "உன் மச்சான் எப்பத் தொழிலுக்கு வர்றாரு?" என்று தம்பியிடம் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். இன்றுவரை மாதம் ஒருமுறை போனில் கேட்கிறார். சட்டம் சட்டம்தானாம்.

மாப்பிள்ளை தங்கையைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். உடம்பெல்லாம் உப்பு பூத்திருந்தது. கையில் வால் பிடித்துத் தொங்கவிட்ட ஒரு பாறை மீன்.

"பாத்துக்குங்க மச்சான். இதுக்குப் பேருதான் மீனு. உங்க ஊர்ல ஸ்கூட்டர்ல வர்றது பொணம்."

"நாளைக்கும் போறீங்களா?"

"பின்ன? உங்களை மாதிரி விசில் கட்டிக்கிட்டு ஒக்காரச் சொல்றீங்களா?"

அவர் கையில் மீன் துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் உயிர் போகவில்லையே என்று குனிந்து பார்த்தேன். அது எப்போதோ செத்திருந்தது. நான் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். என் கைக்கு வந்த பிறகும் அது துடித்தது.